ஸபீரிஸ் ஞானத்தகப்பன் ஆன நாள்

என் மாமியார் இறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனாலும் கோடைக்காலம் முழுக்க அவள் மேல் நின்றுகொண்டுதான் தினமும் வெங்காயம் நறுக்குகிறேன். பயந்துவிடாதீர்கள். என் கணவன் ஸபீரிஸ் பாய்மரப் படகு வாங்கியபோது அதற்கு அவனுடைய அம்மாவின் பெயரை வைத்துவிட்டான். பொலிக்ஸேனி. பின்பக்கத்தில் நீல எழுத்தில் கொட்டை கொட்டையாக எழுதியிருக்கும். என்னை ஒரு வார்த்தை கேட்டானா? மூச்!

படகில் ஏறுகிறவர்கள் செருப்பைக் கழற்றிக் கூடையில் போட வேண்டும். மரப்பலகை கெட்டுப்போகுமாம். யார் வந்தாலும் போடுவார்கள். நான் மட்டும் கழற்ற மாட்டேன். உயிரோடு இருந்தவரை அவள் என் தலைமேல் நடந்தாள், இப்போது நான் செருப்போடு அவள் மேல் நடக்கிறேன் என்று ஸபீரிஸின் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன். அவன் முறைப்பான். நான் இன்னும் இரண்டு நடை கூடவே நடப்பேன்.

ஸபீரிஸைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். மீலோஸ் தீவில் பொலோனியாக் கரையில் பிறந்தவன். இளமையெல்லாம் சரக்குக் கப்பலின் எஞ்சின் அறையில் போயிற்று. உலகத்தைச் சுற்றி வந்தவன் என்று ஊரில் பேர். என்ன பார்த்தாய் என்று கேட்டால், குழாய் பார்த்தேன் என்பான். காதும் பாதி அங்கேயே போய்விட்டது. அதனால் உப்பை எடு என்பதைக்கூட வீடு தீப்பிடித்த மாதிரி கத்தித்தான் சொல்வான். புதிதாக வரும் பயணிகள் முதல் அரை மணி நேரம் எங்களுக்குள் சண்டை என்று நினைத்துக்கொள்வார்கள். பாதி நாள் அது உண்மையும்தான்.

கரைக்கு வந்து அவன் செய்த முதல் வேலை, எஞ்சினை மட்டுமே நம்புகிறவன் போய்ப் பாய்மரப் படகு வாங்கியது. வெளியூர்க்காரர்களுக்குப் பாய் பிடிக்குமாம். தினமும் எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு எதிரே இருக்கும் பொலியேகோஸ் தீவுக்குப் போவோம். அங்கே மனிதர் கிடையாது, ஆடுகள்தான். குளிக்க விடுவோம், சாப்பாடு போடுவோம், திரும்பும் வழியில் கீமோலோஸ் தீவில் கொஞ்சம் காலாற விட்டுப் பொலோனியாவில் இறக்கிவிடுவோம். படம் எடுத்துக்கொள்வதற்காக ஸபீரிஸ் பாயை ஏற்றுவான். அடியில் எஞ்சின் தடதடவென்று ஓடிக்கொண்டே இருக்கும். "பாயை நம்பறதும் மச்சானை நம்பறதும் ஒண்ணுதான். வரேன்னு சொல்லும், வராது" என்பான். எனக்கு வயிறு எரியும். நான் கீமோலோஸ்காரி. என் அப்பா எஞ்சின் இல்லாத படகில் ஆடும் மண்ணும் ஏற்றிப் பிழைத்தவர். எங்கள் வீட்டில் பாயைப் பழித்தால் சோறு கிடைக்காது.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல என்ன இருக்கிறது? இல்லை, அவ்வளவுதான். எங்கள் தீவுகளில் தாத்தா பாட்டி பெயரைத்தான் பேரப்பிள்ளைகளுக்கு வைப்போம். சந்தில் நின்று ஒரு பெயரைக் கூப்பிட்டால் நாலு தலை திரும்பும். ஸபீரிஸ் ஒரே மகன். அவன் அம்மாவின் பெயரைத் தாங்க ஒரு பேத்தி பிறக்கவில்லை. அதனால்தான் படகுக்கு வைத்தான். கிழவி சாகும்வரை என்னைக் குத்திக்காட்டியதும் இதைச் சொல்லித்தான்.

போன வசந்தத்தில் கீமோலோஸ் துறையில் கயிறு பிடித்துக் கட்டும் நிகீத்தாஸ், எங்கள் படகைக் கட்டிவிட்டுத் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றான்.

"கேப்டன், எனக்கு மறுபடி பொண்ணு பொறந்திருக்கு. மூணாவது."

"நல்லா இருக்கட்டும்! ஃப்தூ, ஃப்தூ, ஃப்தூ!" என்று கண் படாமலிருக்க ஸபீரிஸ் மூன்று தரம் துப்பினான்.

"என் அம்மா பேரு மூத்தவளுக்கு வச்சாச்சு, என் பொண்டாட்டி தெஸ்பினாவோட அம்மா பேரு ரெண்டாவதுக்கு. இதுக்கு நீதான் ஞானத்தகப்பனா நின்னு, உனக்குப் பிடிச்ச பேரா வைக்கணும். நாங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டோம்."

அறுபது வயதில் முதல் தடவையாக ஒருவன் அவனிடம் இதைக் கேட்கிறான். எப்போதும் கடலிலேயே கிடந்தவனை யார் கேட்டிருப்பார்கள்? ஸபீரிஸ் உள்ளே போய் எஞ்சின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, பழுதே இல்லாத எஞ்சினை வெகுநேரம் துடைத்தான்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"என்ன பேரு வைக்கப் போற?"

"தொட்டிகிட்டதான் சொல்லுவேன். ஞானஸ்நானம் குடுக்கும்போது சொல்றதுதான் முறை."

"எனக்குத் தெரியாதா! பொலிக்ஸேனிதானே?"

"தொட்டிகிட்டதான் சொல்லுவேன்."

"சொல்லவே வேண்டாம். தண்ணியில ஒரு பொலிக்ஸேனி பத்தாது, தரையிலயும் ஒண்ணு ஓடட்டும்!"

அதோடு பேச்சு நின்றது. ஆனால் அந்த மாதம் முழுக்க அவனுக்கு நான் போட்ட காப்பியில் சர்க்கரை குறைவாகத்தான் இருந்தது.

ஞானஸ்நானத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தார்கள். கீமோலோஸ் துறைக்கு மேலே உள்ள சின்னக் கோயிலில், மாலை ஆறு மணிக்கு. பாதிரியார் யாகோவோஸ் சாமிக்கு அன்றிரவே மீலோஸில் இன்னொரு வேலை. அதனால் கடைசிப் படகைப் பிடித்தாக வேண்டும், ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்க முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஸபீரிஸ் வராவிட்டால்? அதற்கும் ஆள் தயார். தெஸ்பினாவின் அண்ணன் தீமோஸ். மீசையும் வேகப்படகும் வைத்திருப்பவன். தீவில் பாதிப் பிள்ளைகளுக்கு அவன்தான் ஞானத்தகப்பன். "கவலைப்படாத கேப்டன், நீ லேட்டானா நான் நிக்கிறேன். பேரு கூட யோசிச்சு வச்சிருக்கேன்" என்று ஸபீரிஸின் தோளைத் தட்டினானாம். அன்று வீட்டுக்கு வந்தவன் கதவைச் சாத்திய சாத்தலில் சுவரில் இருந்த படம் கோணியது.

இதைவிடப் பெரிய தலைவலி விசுவாசப் பிரமாணம். ஞானத்தகப்பன் அந்த நீண்ட செபத்தை மனப்பாடமாக, எல்லார் முன்னாலும் சத்தமாகச் சொல்ல வேண்டும். ஸபீரிஸ் கடைசியாகச் சொன்னது பள்ளிக்கூடத்தில். ஆரம்பம் ஜோராக வரும். சிலுவையில் அறைந்த இடம் வந்ததும் மனுஷன் சிக்கிக்கொள்வான். அறைந்தார்கள், சரி, எந்த அதிகாரி காலத்தில்? அந்தப் பெயர் மட்டும் தொண்டையைத் தாண்டி வராது.

"பிலாத்து!" என்று நான் அடுப்படியிலிருந்து கத்துவேன்.

"தெரியும்! நானே சொல்ல வந்தேன்!"

அந்த ஞாயிறும் பயணம் கிளம்பினோம். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். மூன்று மாதம் முன்பே பதிவு செய்த ஆட்களுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று என்றான். உண்மை அதுவல்ல. வீட்டில் உட்கார்ந்திருந்தால் நடுங்கிச் செத்திருப்பான். பொலோனியாவில் ஏறிய எட்டுப் பேரிடமும் ஏற்பாட்டைச் சொன்னோம்: இன்று திரும்பும் வழியில் கீமோலோஸில் ஞானஸ்நானம், எல்லாரும் வாருங்கள், விருந்து உண்டு, இரவு நாங்களே கொண்டுவந்து விடுகிறோம். யாராவது வேண்டாம் என்பார்களா? கைதட்டினார்கள். கூட்டத்தில் அமதேவு என்று ஒரு போர்ச்சுகல்காரர், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், தொந்தியும் வெண்கலக் குரலுமாக இருந்தார். எங்கள் பாஷையில் ஒரு சொல் தெரியாது. ஆனாலும் ஏறியதிலிருந்து என்னோடு பேசிக்கொண்டே இருந்தார், நானும் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

நல்ல நாள். வடக்கிலிருந்து இதமான காற்று. பொலியேகோஸின் வெள்ளைப் பாறைக்குக் கீழே நங்கூரம் போட்டோம். ஆட்கள் தொபீர் தொபீரென்று குதித்தார்கள். நான் கணவாயைத் தக்காளியில் வேகவிட்டு மக்ரோனி கிண்டினேன். வீட்டிலிருந்து சுட்டுக் கொண்டுவந்த தக்காளி வெங்காய ரொட்டியை வெட்டி வைத்தேன். ஸபீரிஸ் சுக்கான் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி முணுமுணுத்தான். சிலுவை வரைக்கும் போவான், நிற்பான், நெற்றியில் அடித்துக்கொள்வான், முதலிலிருந்து தொடங்குவான். அமதேவு வாயில் மக்ரோனியோடு என்னைப் பார்த்துக் கண்ணால் விசாரித்தார். நான் கையைக் குவித்துக் கும்பிட்டு, குழந்தையைத் தாலாட்டி, தண்ணீரில் முக்கிக் காட்டினேன். அவர் ஓகோ என்று தலையாட்டினார். அப்புறம் ஸபீரிஸ் நிற்கும் இடத்திலெல்லாம் அவர் விரலை ஆட்டிச் சிரித்தார். இரண்டு மூன்று தடவை நான் "பிலாத்து!" என்று கத்தியதும், அந்தப் பெயரை அவர் பிடித்துக்கொண்டார். அவர் ஊரிலும் பிலாத்து பிலாத்துதானே!

"சரி, கிளம்பலாம். சீக்கிரமே போயிடுவோம்" என்று ஸபீரிஸ் நங்கூரத்தை ஏற்றினான். எஞ்சினைப் பின்னோக்கிப் போட்டான். வாய் விடாமல் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. சிலுவை வந்தது. படகுக்கு அடியில் மட் என்று ஒரு சத்தம். எஞ்சின் நின்றது.

பின்னால் கட்டியிருந்த ரப்பர் படகின் கயிறு. அதை முன்னால் இழுத்துக் கட்டாமல் பின்னோக்கிப் போனால் என்ன ஆகும்? புரொப்பல்லர் அதை முழுசாகச் சுற்றிக்கொள்ளும். முதல் தடவை படகு ஓட்டுகிறவன் செய்கிற தப்பு! எஞ்சின் அறையில் ஆயுளைக் கழித்தவன் செய்துவிட்டான். கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு குதித்தான். மேலே வந்தான், மூச்சு வாங்கினான், மறுபடி போனான். கயிறு உருகி இரும்போடு இரும்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் ஏணியைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் தண்ணீர் வழிய என்னைப் பார்த்தான்.

"வராது, மர்கரோ. போச்சு."

"தீமோஸைக் கூப்பிடு. அவன் வேகப்படகுல வந்து இழுத்துட்டுப் போவான்."

"வருவான். முதல்ல பிள்ளைக்குப் பேரு வச்சுட்டு, விருந்து சாப்பிட்டுட்டு, மீசையைத் துடைச்சுக்கிட்டு வருவான்!"

நியாயம்தான். எனக்கு ஒரு கணம் என்ன தோன்றியது என்று மறைக்க மாட்டேன். நான் சும்மா இருந்தால் போதும். பொலிக்ஸேனி என்ற பெயர் இந்தப் படகோடு நிற்கும். கோயில் வாசலில் ஒரு குட்டிப் பொலிக்ஸேனி ஓடுவதை ஆயுள் முழுக்கப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் ஏணியில் தொங்கிக்கொண்டிருந்தவனைப் பார்த்தேன். கல்யாணத்தன்று கூட அவனுக்கு இவ்வளவு பயம் இருந்ததில்லை. என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை.

"மேல ஏறு" என்றேன். "மேல பாயின்னு ஒண்ணு தொங்குதே, அது என்ன துணி காயப் போடவா?"

"காத்து வடக்குலேர்ந்து வருது. கீமோலோஸ் அந்தப் பக்கம்தான். எதிர்க்காத்துல எப்படிப் போவ?"

"நேராப் போக முடியாது. கோணலாப் போவேன். நீ சக்கரத்தை விட்டுட்டு அந்தக் கயித்தைப் பிடி."

பெரிய பாயை ஏற்றினோம், முன்பாயை விரித்தோம். பயணிகளை இரண்டு பக்கமாகப் பிரித்து, நான் கையைக் காட்டும்போது இழுக்கச் சொன்னேன். அமதேவு ஒருவரே நாலு பேருக்குச் சமம். படகு சாய்ந்தது, அடியில் தண்ணீர் சலசலத்தது. எஞ்சின் சத்தம் இல்லாமல் அந்தப் படகு ஓடுவதை நானே அன்றுதான் கேட்டேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வெட்கத்தை விட்டு ஊளையிட்டேன்.

ஸபீரிஸுக்கோ உயிர் போய்க்கொண்டிருந்தது. காற்றை எதிர்த்துப் போகும் படகு இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை என்றுதானே ஏறும்?

"அடியே, கோயில் அந்தப் பக்கம் இருக்கு! நீ எங்க போற?"

"கோயிலுக்குத்தான்."

"கோயில் முதுகுக்குப் பின்னால போயிடுச்சுடி!"

"திரும்பி வரும், பொறு."

"துருக்கிக்குப் போய்த் திரும்பி வரப் போறியா?"

"வாயை மூடிக்கிட்டு விசுவாசப் பிரமாணம் சொல்லு!"

வாயை மூடிக்கொண்டு எப்படிச் சொல்வது என்று கேட்கவில்லை. சொன்னான். சிலுவை வந்தது. நின்றான். "பிலாத்து!" என்று எட்டுப் பேரும் கத்தினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் பாய் படபடத்து மறுபக்கம் சாயும், கயிறு இழுபடும், பிலாத்து முழங்கும். எதிரே வந்த மீன்படகில் இருந்தவர்கள் எழுந்து நின்று சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

துறைக்குள் நுழையும்போது கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது. முன்பாயைச் சுருட்டி, பெரிய பாயைக் கடைசி நேரத்தில் இறக்கி, மிச்ச ஓட்டத்திலேயே கல்மேடைக்குப் பக்கத்தில் கொண்டு சேர்த்தேன். கொஞ்சம் உரசியது. மாமியார்தானே, தாங்குவாள். நிகீத்தாஸ் புதுக் கோட்டோடு ஓடிவந்து கயிற்றைப் பிடித்தான்.

"கேப்டன், ஓடு! தீமோஸ் உன் மெழுகுவத்தியைக் கையில எடுத்துட்டான்!"

ஸபீரிஸ் ஈரக் கால்சட்டையோடு, பெட்டியில் வைத்திருந்த வெள்ளைச் சட்டையை ஓட்டத்திலேயே மாட்டிக்கொண்டு படியேறினான். நாங்கள் எல்லாரும் பின்னால். யாகோவோஸ் சாமி வாசலில் நின்று கடிகாரத்தையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஸபீரிஸ், மீன் பிடிச்சியா, மீன் உன்னைப் பிடிச்சுதா?"

"சாமி, வந்துட்டேன். ஆரம்பிங்க."

தீமோஸ் பெருமூச்சு விட்டு மெழுகுவர்த்தியை அவன் கையில் கொடுத்தான். நல்லவன்தான் அவனும். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்ததைச் சரியாகவும் போட்டுவிட்டான்.

சடங்கில் முதலில் சாத்தானை நோக்கித் துப்பச் சொன்னதும் ஸபீரிஸ் துப்பிய துப்பலில் சாமியே ஓரடி பின்வாங்கினார். அந்த வேலையில் அவனுக்கு ஆயுள் அனுபவம். அப்புறம் விசுவாசப் பிரமாணம். கோயிலே அதிர, எஞ்சின் அறையில் கட்டளை போடுகிறவன் குரலில் தொடங்கினான். சிலுவை வந்தது. நின்றான். காது மடல் சிவந்தது. கோயிலில் பெண்பிள்ளை கத்தலாமா என்று நான் தயங்கிய அந்த நொடியில், கடைசி வரிசையிலிருந்து வெண்கலக் குரல் ஒன்று கிளம்பியது.

"பிலாத்தோஸ்!"

அமதேவுதான், அவர் ஊர் உச்சரிப்பில். சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சாமி தாடிக்குள் சிரித்ததை நான் பார்த்தேன். ஸபீரிஸ் தலையை ஆட்டிவிட்டு, கதவு திறந்த ஆட்டு மந்தை மாதிரி மிச்சத்தை மடமடவென்று சொல்லி முடித்தான்.

தெஸ்பினா பிள்ளையை அவன் கையில் கொடுத்தாள். எண்ணெய் தடவிய வழுக்குப் பிள்ளை. அதைப் பிடித்திருந்த விதத்தைப் பார்க்க வேண்டுமே! மூச்சே விடவில்லை. சாமி தொட்டிப் பக்கம் கையைக் காட்டினார்.

"பிள்ளை பேரு என்ன?"

நான் தரையைப் பார்த்தேன். சொல்லட்டும், சொல்லித் தொலைக்கட்டும், அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது, நான் அதையும் கொஞ்சத்தான் போகிறேன் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

"மர்கரோ!" என்றான் ஸபீரிஸ்.

பாதிக் காது போனவன் குரல். துறையில் படகுகளுக்கே கேட்டிருக்கும். சாமி அந்தப் பெயரைச் சொல்லி ஒரு தரம் முக்கினார், இரண்டாம் தரம் முக்கினார், மூன்றாம் தரம். ஒவ்வொரு தடவையும் என் பெயர். பிள்ளை வீறிட்டுக் கத்தியது.

"பேருக்கேத்த தொண்டை!" என்று தீமோஸ் சொல்ல, கூட்டம் கொல்லென்று சிரித்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் புறங்கையால் கண்ணைத் துடைத்தேன். அமதேவு என்ன நடந்தது என்றே புரியாமல் எனக்குக் கைக்குட்டையை நீட்டினார்.

விருந்து நடந்துகொண்டிருக்கும்போதே ஸபீரிஸ் நழுவித் துறைக்கு வந்தான். வெளிச்சம் இருக்கும்போதே கயிற்றை அறுத்துவிட வேண்டும் என்றான். நானும் பின்னாலேயே வந்து படகில் ஏறினேன். கத்தியை எடுத்துக்கொண்டு ஏணியில் இறங்கப் போனவனை நிறுத்திக் கேட்டேன்.

"உங்கம்மா பேரை ஏன் வைக்கல?"

"அம்மாவுக்குத்தான் படகு இருக்கே" என்றான். "உனக்கு என்ன இருக்கு?"

"முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? ஒரு மாசமா உன்னைத் திட்டிக்கிட்டிருக்கேன்!"

"சொல்லியிருந்தா வேண்டாம்னு சண்டை போட்டிருப்ப. அப்புறம் இந்தப் படகு பழசாயிடும், மர்கரோ. என்னைக்காவது ஒடைச்சுடுவாங்க. அந்தப் பொண்ணு இருப்பா. நாம போனப்புறமும் இந்தச் சந்துல யாராவது உன் பேரைச் சொல்லிக் கத்துவாங்க. இப்ப நான் கத்தற மாதிரி."

சொல்லிவிட்டுத் தண்ணீரில் குதித்தான். அடியில் அவன் கயிற்றை அறுக்கும் சத்தம் பலகை வழியாக, செருப்பையும் தாண்டி, என் உள்ளங்காலுக்கு வந்தது. நான் அங்கேயே உட்கார்ந்து நன்றாக அழுதேன். பிறகு செருப்பைக் கழற்றிக் கூடையில் போட்டேன்.